தொடைப் பக்கத்துத் தகடு

வாளுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பர்மிங்காமில், ஸ்டீல்ஹவுஸ் சந்தில், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். வாளை இடது இடுப்பில் கட்டி வலது கையால் உருவுவது வழக்கம். அப்படிக் கட்டும்போது ஊர் பார்ப்பது முன்பக்கம். கட்டியவரின் தொடையை உரசிக்கொண்டு கிடப்பது பின்பக்கம். விலையுயர்ந்த வாள் என்றால் பிடியின் இரண்டு பக்கமும் கோழிமுட்டை அளவில் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு ஒவ்வொன்று பதித்திருக்கும். கிரெண்டன் பட்டறையில் சித்திரம் வெட்ட முன்தகடு ஜேபெஸ் யார்னல்டுக்கு, பின்தகடு டாமரிஸ் பின்ஃபோல்டுக்கு. பதினேழு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

டாமரிஸுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆள் குட்டை, குரல் பெரிது. அவள் சிரித்தால் இரண்டு சந்து தள்ளியிருக்கும் பொத்தான்காரர்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று விசாரிப்பார்கள். கணவர் சைலஸ் கால்வாயில் நிலக்கரிப் படகு ஓட்டினார். பத்து நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுப் போவார். சண்டை போட நேரமே கிடைக்காத குடும்பம்.

அவளுடைய அப்பா காலணிக்கு வெள்ளிக் கொக்கி செய்தவர். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கொக்கி இல்லாமல் எந்தக் கனவானும் வாசற்படி தாண்டியதில்லை. ஏழு வயதிலேயே டாமரிஸ் அந்தக் கொக்கிகளில் பூவும் இலையும் வெட்டப் பழகிவிட்டாள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். அவ்வளவுதான், எங்கள் ஊரில் தெருத் தெருவாக அடுப்பு அணைந்தது. அப்பா சாகும்வரை கயிறு கட்டியவர்களோடு பேசவில்லை. பாதிரியார் ஒரு ஞாயிறு கயிறு கட்டிக்கொண்டு வந்தபோது, பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

நல்ல வேளையாகப் பிரெஞ்சுக்காரனோடு சண்டை மூண்டது. இப்படிச் சொல்வது பாவம்தான். ஆனால் எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். சண்டை என்றால் வாள். வென்று வந்தவனுக்கு இன்னும் பெரிய வாள். பொன்முலாம் பூசிய பிடி, நீலமேற்றிய அலகு, வெல்வெட் பெட்டி என்று ஊருக்கு ஊர் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தன. டாமரிஸ் அப்பாவின் கொக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிரெண்டனிடம் போய் நின்றாள். கிரெண்டன் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். கொக்கியை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கு. பொம்பள கைதானே, பின்தகட்டுக்குப் போதும்," என்றார்.

பின்தகடு என்றால் சுற்றிலும் ஓர் இலைமாலை, நடுவில் நங்கூரமோ கிரீடமோ. இதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். முதல் வருஷம் முழுக்க ஒவ்வோர் இலைக்கும் ஒரு நரம்புகூட விட்டுப்போகாமல் வெட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு கர்னலின் வாளில், மாலைக்கு அடியில், சிறுதவளை ஒன்றை உட்காரவைத்தாள். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு மேஜரின் வாளில் பக்கத்து வீட்டுப் பூனை, எலியோடு. ஒரு தளபதியின் வாளில் கடல் தேவனுக்கு எங்கள் தெருக் குடல்கறிக்காரியின் முகம், மூன்று தாடையும் சேர்த்து. ஜேபெஸோடு சண்டை போட்ட ஒரு வாரத்தில், அவருடைய மூக்கு ஒரு கழுதைக்குப் போய்ச் சேர்ந்து, போர்ச்சுகல் வரை சவாரி செய்தது. எல்லாம் சுத்தமான வேலை. ஆனால் பார்க்க ஆள் இல்லை. சிரிப்பாக இருந்தாலும், சில நாள் வேலை முடிந்து தகட்டைப் பிடியில் திருகும் முன், அவளே அதை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்வது உண்டு.

அந்த வருஷம் வசந்தத்தில் ஊரே சேர்ந்து கேப்டன் ஹேவர்கலுக்கு வாள் கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஊர்ப் பிள்ளை. ஸ்பெயின் கரையோரம் நடந்த சண்டையில் வலது கையைத் தோளுக்குக் கீழே இழந்தார். கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேல்தளத்துக்கு வந்து நின்று, எதிரிக் கப்பலைப் பிடித்த பிறகுதான் படுத்தார். சாராயக் கடையில் அந்தக் கைக்காகக் குடிக்காத ஆளே கிடையாது. வேலை கிரெண்டன் பட்டறைக்கு வந்தது.

ஆறு வாரம் பட்டறை திருவிழாக் களையோடு இருந்தது. அலகைக் கரிக்கனலுக்கு மேல் மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். வைக்கோல் நிறம் வந்தது, பழுப்பு வந்தது, ஊதா வந்தது. மயில் கழுத்து நீலம் வந்த நொடியில் வெளியே இழுத்தார்கள். ஒரு மூச்சு தாமதித்திருந்தால் வெளுத்துப்போயிருக்கும். அதன் மேல் பொன்னால் கொடியும் பீரங்கியும் எழுதினார்கள். ஜேபெஸ் நாலு வாரம் தலை நிமிராமல் நாட்டுத் தேவி பிரிட்டானியாவை வெட்டினார். தலைக்கவசம், ஈட்டி, அலை, பின்னால் இறக்கை விரித்த வெற்றித் தேவதை, காலடியில் மண்டியிட்ட கேப்டன். இரண்டு கையோடும்தான்.

"ஜேபெஸ், அவருக்கு ஒரு கைதானே?" என்று டாமரிஸ் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அழகுக்கு இதெல்லாம் பாக்கக் கூடாது. நீ போய் உன் இலையை வெட்டு."

டாமரிஸ் இலையைத்தான் வெட்டினாள். ஆனால் அவள் வீட்டில் எனாக் இருந்தான். அவளுடைய தம்பி, அதே கப்பலில் பீரங்கிக்காரனாக இருந்துவிட்டு, முழங்கால் உடைந்து ஊர் திரும்பியவன். தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அந்தச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதில் ஒரு கோழி வரும். மேல்தளத்தில் இருந்த கோழிக்கூட்டைக் குண்டு உடைத்துவிட, எல்லாக் கோழியும் கடலில் விழ, ஒன்று மட்டும் ஏழாம் நம்பர் பீரங்கியின் மேல் ஏறி நின்றுகொண்டு, சண்டை முடியும்வரை இறங்கவில்லையாம்.

"புகை, தீ, ஆளாளுக்குக் கத்தல். இது மட்டும் எனக்கென்னன்னு நிக்குது அக்கா! அதைப் பாத்துத்தான் நாங்க அன்னிக்கி ஓடல," என்பான் எனாக்.

"கப்பல்ல இருந்து எங்கடா ஓடுவீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பிரிட்டானியாவைவிட அந்தக் கோழி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வழக்கமான நங்கூரத்தை ஒதுக்கிவிட்டாள். இலைமாலைக்கு நடுவில் ஒரு பீரங்கி; அதன் மேல் ஒற்றைக் காலை மடித்துக்கொண்டு, சிறகைப் பாதி விரித்து, கழுத்தை நீட்டி நிற்கும் கோழி. ஒவ்வோர் இறகாக வெட்டினாள். கண்ணுக்கு மட்டும் ஒரு நாள் பிடித்தது. அவள் வாழ்க்கையில் செய்த நல்ல தகடு அதுதான். அதை அவளே அறிவாள்.

சனிக்கிழமை விழாக் கமிட்டிப் பெரியவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். வெல்வெட் மெத்தையில் முன்பக்கம் மேலே தெரிய வாள் கிடந்தது. பிரிட்டானியாவைப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள், ஜேபெஸின் கையைக் குலுக்கினார்கள். பெட்டியை மூடி, சாவியைக் கிரெண்டனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். செவ்வாய் மதியம் விழா.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில்தான் அது நடந்தது. பன்றிக்கறி உருண்டையும் பட்டாணியும். எனாக் வழக்கம்போல ஆரம்பித்திருந்தான்.

"கை போனப்புறம் கேப்டன் வாள் உருவிப் பாத்ததில்லையே நீ? முன்னவிட இப்பத்தான் வேகம். இங்க பாரு." எழுந்து நின்று, ரொட்டிக் கத்தியை வலது இடுப்பில் செருகிக்கொண்டான். இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்ச் சரேலென்று உருவினான்.

டாமரிஸின் வாயில் பட்டாணி அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்டா கட்டுறாரு?"

"வலது பக்கம். இருக்கிறது இடது கை மட்டும்தானே? பின்ன எந்தப் பக்கம் கட்டுவாரு?"

அவள் எழுந்தாள். அடுப்படியிலிருந்து அகப்பையை எடுத்து, ஒரு பக்கம் மாவால் ஒரு கோடு போட்டாள். கோடு வெளியே தெரிய இடது இடுப்பில் தொங்கவிட்டுப் பார்த்தாள். அப்படியே வலது இடுப்புக்கு மாற்றினாள். கோடு பாவாடையில் ஒட்டிக்கொண்டது. அகப்பையின் மறுபக்கம் ஊரைப் பார்த்தது. பிடியின் விரல்காப்பு முன்னோக்கியே இருக்க வேண்டும் என்பதால் வாளைத் திருப்பிக் கட்டவும் முடியாது. கேப்டன் கட்டும்போது அவருடைய தொடையை உரசப்போவது பிரிட்டானியா. ஊர் பார்க்கப்போவது கோழி.

பட்டறையில் பதினொரு பேர். அந்தக் கை போன கதையைப் பதினொரு பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருத்தருக்காவது இது தோன்ற வேண்டுமே! முன் என்றால் முன், பின் என்றால் பின் என்று ஊறிப்போன புத்தி. அவளுக்கும்தான் தோன்றவில்லை. சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால், கப்பற்படைக் கேப்டனின் இடுப்பில் ஒரு கோழி. வேலை போய்விடும், சந்தேகமே இல்லை. வேறு எந்தப் பட்டறையிலும் ஒரு பெண்ணுக்குப் பிடித்தகடு கொடுக்க மாட்டார்கள். அவள் பொத்தானுக்குத் துளை போடப் போக வேண்டியதுதான்.

தப்பிக்க வழி சுலபமாக இருந்தது. இரண்டு தகடும் ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு. கிரெண்டனிடம் சொன்னால் அரை மணியில் மாற்றிவிடலாம். பிரிட்டானியா வெளியே வந்துவிடும், கோழி தொடைக்குள் போய்விடும்.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் ஊரில் திங்கட்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. அதற்குப் புனிதத் திங்கள் என்று பேரும் வைத்து, ஞாயிற்றுக்கிழமையைவிடப் பக்தியாகக் கொண்டாடுவார்கள். கிரெண்டனும் ஜேபெஸும் சந்து முனைச் சாராயக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு முதலாளி, தொழிலாளி என்று வித்தியாசம் கிடையாது.

"வாங்க வாங்க! நம்ம பின்தகட்டு மகாராணிக்கு ஒரு கோப்பை பீர் ஊத்துங்கப்பா!" என்று ஜேபெஸ் கையைத் தூக்கினார்.

"முதலாளி, அந்த வாள் விஷயமா ஒண்ணு சொல்லணும்," என்றாள் டாமரிஸ்.

"என்னம்மா, திருகு ஏதாவது லூசா இருக்கா?"

"திருகு இல்ல, தகடு. என் தகட்டை நீங்க பாத்தீங்களா?"

கிரெண்டன் மனதாரச் சிரித்தார். "உன் தகட்டையா? அதை எதுக்குப் பாக்கணும்? பதினேழு வருஷத்துல ஒரு தடவகூட நான் திருப்பிப் பாத்ததில்ல, தெரியுமா? உன் மேல அவ்வளவு நம்பிக்கை எனக்கு!"

பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் கள்ளமே இல்லை.

"அதைப் பாக்குறது கேப்டனோட கால்சட்டை மட்டும்தான்," என்று ஜேபெஸ் சேர்த்துக்கொண்டார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

டாமரிஸும் சிரித்தாள். பீரைக் குடித்தாள். சொல்ல வந்தது நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சுரீரென்று வலித்தது. பதினேழு வருஷம். தவளை, பூனை, எலி, கழுதை, எத்தனை ஆயிரம் இலை. ஒரு தடவைகூட இல்லையா? தவறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக்கூட இல்லையா?

"என்னமோ சொல்லணும்னியே?" என்றார் கிரெண்டன்.

"ஒண்ணுமில்ல முதலாளி. திருகெல்லாம் சரியாத்தான் இருக்கு."

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று முறை திரும்பினாள். மூன்று முறையும் சந்து முனை வரை வந்துவிட்டுப் போனாள். கடைக்குள்ளிருந்து கேட்ட ஜேபெஸின் பாட்டு ஒவ்வொரு முறையும் அவளைத் திருப்பி அனுப்பியது. அன்று ராத்திரி எனாக்கின் சண்டைக் கதையை முதல் முறையாக அவள் பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

செவ்வாய் மதியம் பெரிய விடுதியின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் பட்டுப் பாவாடைகள். பக்கவாட்டில் ஓரமாகப் பட்டறைக்காரர்கள், சோப்பு போட்டுத் தேய்த்த முகங்களோடு. டாமரிஸுக்கு ஒரு பக்கம் ஜேபெஸ், மறு பக்கம் எனாக். ஊர்த் தலைவரான பெய்லிஃப் மேடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிட்டப்பார்வை; காகிதத்தை மூக்கில் முட்டவைத்துத்தான் படிப்பார்.

கேப்டன் ஹேவர்கல் வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். காலியான வலது சட்டைக் கையை மார்போடு குத்தியிருந்தார். கிரெண்டன் பெட்டியைத் திறந்து நீட்டினார். கேப்டனின் வேலைக்காரர் வாளை எடுத்து, தினமும் செய்கிற காரியம்போல வலது இடுப்பில் கட்டினார்.

முன்வரிசையில் ஒரு சீமாட்டி குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

"கோழியா?"

"கோழிதான்."

"சரியாப் பாருடி!"

"எங்க வீட்டுல பன்னெண்டு இருக்கு. எனக்குத் தெரியாதா?"

ஜேபெஸின் தாடை மெல்ல இறங்கியது. "டாமரிஸ், அது என்னது?"

"பின்தகடு."

"அது எதுக்கு முன்னாடி இருக்கு?"

"அவருக்கு வலது கை இல்ல, ஜேபெஸ்."

ஜேபெஸ் யோசித்தார். தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், இடது, பிறகு வலது. "ஐயோ," என்றார். "என் நாலு வாரம்!"

இதற்குள் பெய்லிஃப் படிக்க ஆரம்பித்திருந்தார். பிரிட்டானியாவை நினைத்து ஒரு வாரம் முன்பே எழுதி வைத்த பேச்சு.

"கனவான்களே, சீமாட்டிகளே! வீரரின் இடுப்பில் பிரகாசிக்கும் அந்த உருவத்தைப் பாருங்கள்! அச்சமறியாத அந்தக் கண்களைப் பாருங்கள்! புயலுக்கும் பீரங்கிக்கும் நடுவே அசையாது நிற்கும் அந்தப் பெண்மையின் கம்பீரத்தைப் பாருங்கள்!"

கூடம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"விரிந்த அந்தச் சிறகுகளைப் பாருங்கள்!"

அதற்கு மேல் யாராலும் முடியவில்லை. பின்னால் ஒரு கசாப்புக்காரர் ஆரம்பிக்க, கூரை அதிர்ந்தது. பெய்லிஃப் இதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு இரண்டு முறை குனிந்து வணங்கினார். கிரெண்டன் மட்டும் சிரிக்கவில்லை. மேடை ஓரத்தில் நின்றவர் பிடியை உற்றுப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போயிற்று. கேப்டன் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் வாளை உருவி, பிடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

சிரிப்பு நின்றது. அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதைச் செஞ்சது யாரு?"

கிரெண்டன் ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, அது வந்து... எங்க பட்டறையில..."

"பட்டறைக்குக் கை கிடையாது. யாருன்னு கேட்டேன்."

"சத்தியமா நான் இல்லீங்க!" என்று ஜேபெஸ் கத்தினார். "என்னுது அந்தப் பக்கம் இருக்குங்க! திருப்பிப் பாருங்க ஐயா!"

டாமரிஸ் கிரெண்டனைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் விஷயம் பட்டறையோடு போகும். கெஞ்சிக் கூத்தாடி ஏதாவது செய்துகொள்ளலாம். ஆனால் அந்த மனிதர் பிடியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வெட்டிய ஒன்றை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை. திட்டுவதானாலும் தன்னையே திட்டட்டும் என்று தோன்றிவிட்டது.

"நான்தாங்க," என்றாள். அவள் குரல்தான் தெரியுமே. கூடத்தின் கடைசிச் சுவர் வரை போயிற்று. "டாமரிஸ் பின்ஃபோல்ட். தகடு மொத்தமும் நான்தான் வெட்டினேன்."

"இங்க வாங்க."

பட்டுப் பாவாடைகள் ஒதுங்கி வழி விட்டன. அவள் மேடைக்குப் போனாள்.

"நீங்க எங்க கப்பல்ல வந்தீங்களா?" என்று கேட்டார் கேப்டன்.

"இல்லீங்க. என் தம்பி எனாக் சொல்லித்தான் தெரியும்."

"இதுல ஒரு தப்பு இருக்கு."

"ஒரு தப்பா?" என்று முனகினார் கிரெண்டன்.

"இதுக்கு வால் இருக்கு," என்றார் கேப்டன். "எங்க கோழிக்கு வால் கிடையாது. என் கையை எடுத்துட்டுப் போன அதே குண்டு அதோட வாலையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. நான் தரையில கிடந்து பாக்குறேன், அது பீரங்கி மேல ஏறி நிக்குது. பின்னாடி ஒண்ணுமே இல்ல. இருந்தும் நிக்குது. ஒரு கோழியே நிக்குது, நமக்கு என்ன கேடுன்னுதான் நான் எழுந்தேன்." நிறுத்தினார். "ரெண்டு வருஷம் என் அறையிலதான் இருந்துச்சு. சமையல்காரனைக் கிட்டவே விடல. எத்தனையோ விருந்துல என்னைப் பேசச் சொன்னாங்க. ஒரு இடத்துலயும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

"வால் இருந்துச்சு ஐயா!" என்று பக்கவாட்டிலிருந்து எனாக் கத்தினான். "நான் என் கண்ணால பாத்தேன்!"

"நீ கீழ்த்தளத்துல இருந்தே, எனாக்."

எனாக் உட்கார்ந்துவிட்டான்.

"சரிங்க, கொடுங்க," என்றாள் டாமரிஸ். "வாலை எடுத்துடறேன்."

"இப்பவேவா?"

எங்கள் தெருவில் யாரும் தங்கள் நல்ல உளியைப் பட்டறையில் விட்டு வர மாட்டார்கள். காலையில் போனால் அது வேறொருவர் கையில் இருக்கும். டாமரிஸ் பாவாடைப் பைக்குள் கையை விட்டு, துணி சுற்றிய உளியையும் சுரண்டியையும் எடுத்தாள். விருந்து மேஜையின் மேல் இருந்த பன்றித் தொடைக்கறியை ஒருவர் நகர்த்தி இடம் கொடுத்தார். பெய்லிஃபின் பேச்சுக் காகிதத்தை மடித்துப் பிடிக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்தாள்.

வாலை எடுப்பது சின்ன வேலை இல்லை. ஆழமாகப் போனால் முதுகு போய்விடும். மேலோடு விட்டால் நிழலாகத் தெரியும். ஒவ்வோர் இறகாகச் சீவினாள். பொன் சுருள் சுருளாகக் காகிதத்தில் உதிர்ந்தது. வால் இருந்த இடத்தில் வெள்ளி வெளேரென்று வந்தது. முந்நூறு பேர் இருந்த கூடத்தில் உளிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசைச் சீமாட்டிகள் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். கேப்டன் மேஜை விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்திருந்தார். ஜேபெஸ்கூடக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இலைக்கெல்லாம் நரம்பு வெட்டியிருக்கா," என்று அவர் யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது. "அத்தனை இலைக்கும்!"

டாமரிஸ் நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மேஜையில் திடீரென்று ஒரு நிழல் விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிரெண்டன் வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டியபடி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"டாமரிஸ், கொஞ்சம் தள்ளேன்," என்றார் தணிந்த குரலில். "நானும் பாக்கணும்."

"வெளிச்சத்தை மறைக்காதீங்க முதலாளி," என்றாள் அவள். "வரிசையில நில்லுங்க. முடிச்சிட்டுக் காட்டறேன்."